ஒரு செட்டு மாத்திரை

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் என் கடை வாசலில் சின்னக் கூட்டம் சேரும். பத்து மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள். யாரும் மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அண்ணே, ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்பார் உள்ளூர்க்காரர். ஆந்திர எல்லைத் தடா பக்கமிருந்து வருகிறவர் "ஒள்ளு நொப்புலு" என்பார். பீகார், ஒடிசா பையன்கள் தோளைத் தொட்டுக் காட்டி "பதன் தர்த்" என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் மருந்துக்கடை வைத்தவனுக்கு இந்த ஒரு சொல்லாவது மூன்று மொழியிலும் தெரிந்திருக்க வேண்டும்.

செட்டு என்பது, அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் நறுக்கி பழுப்புக் கவரில் போட்ட நாலு மாத்திரை. ஒரு டைக்ளோபினாக், ஒரு பாரசிட்டமால், வயிறு எரியாமலிருக்க ஒரு ரானிடிடின். நாலாவது, பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை. கடை வட்டாரத்தில் அதற்குப் பெயர் "பவர்". ஸ்டீராய்டு. நானே பல வருஷம் மடித்துக் கொடுத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவன், தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

எண்பதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் இங்கே வலிக்கு நொச்சி இலை வேது, சூடு பண்ணிய வேப்பெண்ணெய். அதற்கும் அசையாவிட்டால் அமிர்தாஞ்சன். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893-இல் பம்பாயில் ஆரம்பித்து, 1914-இல் சென்னைக்குக் கொண்டுவந்த களிம்பு அது. விழுங்க வேண்டுமென்றால் பெட்டிக்கடையில் தொங்கும் அனாசின் அட்டை. பெட்டிக்கடையில் விற்பது சட்ட விரோதம் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், வலித் தைலம் விற்க லைசென்ஸ் தேவையில்லை என்று மருந்து விதிகளின் 'கே' அட்டவணையே சொல்கிறது. ஆனால் நாற்று நட்டு இடுப்பு பிடித்தவர் மாத்திரை போட்டாலும் மறுநாள் கொஞ்சம் படுத்துக் கிடப்பார். வயலில் பஞ்சிங் மெஷின் கிடையாது.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் ஏ.பி.சி. என்று ஒரு மாத்திரை உண்டு. ஆஸ்பிரின், பினாசெட்டின், காபீன் மூன்றும் சேர்ந்தது. நடுவிலிருக்கும் பினாசெட்டினுக்கு ஒரு தொழிற்சாலைக் கதை இருக்கிறது. ஸ்வீடனில் ஹஸ்க்வர்னா என்ற ஊர். துப்பாக்கியும் தையல் மெஷினும் மோட்டார் சைக்கிளும் செய்த ஆலை. 1918 விஷக்காய்ச்சல் சமயத்தில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த பினாசெட்டின் பொடியை, காய்ச்சல் போன பிறகும் தொழிலாளிகள் விடவில்லை. அசதி தெரியாமல் வேலை ஓடியது. பல வருஷம் கழித்து அங்கே சிறுநீரகம் கெட்டுச் சாகிறவர்கள் அதிகமானார்கள். அந்த ஆலைத் தொழிலாளிகளைப் பற்றிய ஆய்வு 1963-இல் வெளியானது. இந்தியாவில் பினாசெட்டினைத் தடை செய்தது 1983-இல். அந்தப் பத்தாண்டில்தான் எங்கள் ஊரில் பட்டறைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

பிறகு வந்தது டைக்ளோபினாக். வலிக்கு அது கேட்கும் வேகத்துக்கு நானே சாட்சி. சிக்கல் அது வேலை செய்கிற விதத்தில் இருக்கிறது. இங்கே பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலைகள் நிறைய. ஃபர்னஸ் எதிரில் நிற்பவருக்கு வியர்வையிலேயே உடம்புத் தண்ணீர் வற்றும். அப்படி வற்றும்போது சிறுநீரகம் தன் ரத்தக் குழாயைத் திறந்து வைத்துக்கொள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நம்பியிருக்கிறது. வலியைக் கூட்டுவதும் அதே பொருள்தான். மாத்திரை அதை அடக்குகிறது. வலி போகிறது, சிறுநீரகத்துக்கு இருந்த துணையும் போகிறது. ஏ.சி. ஆபீசில் முதுகு பிடித்தவர் இரண்டு நாள் போடுவதும், ஃபர்னஸ்காரர் வாரம் மூன்று நாள் போடுவதும் ஒன்றல்ல.

ரோலிங் மில்லில் வேலை பார்த்த ஒருவர் பதினோரு வருஷம் என் கடைச் செட்டுதான் போட்டார். ஒரு நாள், "மாத்திரை கம்பெனிய மாத்திட்டீங்களா? முன்ன மாதிரி கேக்கல" என்றார். பேண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நான் பில் போட்டு முடிக்கும்வரை மூடவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு கிரியாட்டினின் பார்த்ததும், டயாலிசிஸுக்கு சென்னைக்கு ரயில் ஏறியதும் தனிக்கதை. அன்றோடு "பவர்" டப்பாவை எடுத்துவிட்டேன். வியாபாரம் அடி வாங்கியது.

மாத்திரையைத் திட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் பூட்ஸ் கம்பெனி 1969-இல் கொண்டுவந்த புரூஃபென் இல்லையென்றால், மாதத்தில் இரண்டு நாள் சுருண்டு கிடக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் இன்று பேக்கிங் லைனில் நிற்க முடியாது. சாப்பிட்டுவிட்டுப் போட்டால், வேறு வியாதி இல்லாதவருக்குப் பெரும்பாலும் கெடுதல் வராது. ஆனால் போடுவது என்ன மாத்திரை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டு நூல், ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளை சூப்பர்வைசர்களே கொடுத்தது 2019-இல் செய்தியாக வந்ததே! பாரசிட்டமாலும் சாதுதான், ஒரு நாளைக்கு நாலு கிராமைத் தாண்டாதவரை. டாஸ்மாக் போய்விட்டு வருகிறவருக்கு அந்தக் கணக்கு இன்னும் குறையும்.

மாத்திரையால் வரும் கெடுதல் மனிதருக்கு மட்டுமில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அவற்றுக்கும் சிறுநீரகம்தான் போனது. 2006-இல் கால்நடைக்குத் தடை வந்தது. மனித மருந்தின் பெரிய குப்பியை மாட்டுக்கு வாங்கிப் போனார்கள் என்பதால், 2015-இல் ஊசி மருந்தை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2017-இல் அது சரி என்றது. கழுகுக்காக மருந்தின் அளவைக் குறைத்த நாடு இது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

தொழிலாளிக்கு ஒன்றுமில்லையா என்றால், இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறது. நோய் விடுப்பில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் எழுபது சதவீதம் கிடைக்கும். ஆனால் படுத்த முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை, பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் ஒழிய. உடம்பு வலி எத்தனை நாள் இருக்கும்? ஒரு நாள், ஒன்றரை நாள். அந்த இரண்டு நாளில்தான் என் கடை ஓடுகிறது. காண்டிராக்ட் ஆட்களுக்கான 1971-ஆம் வருஷத்து மத்திய விதிகளைப் படித்துப் பார்த்தேன். முதலுதவிப் பெட்டியில் 100 ஆஸ்பிரின் மாத்திரை அடங்கிய பாட்டில் ஒன்று இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

இப்போது நான் மடிக்கிற செட்டில் பாரசிட்டமாலோடு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாதிப் பேர் கவரைப் பிரித்து, பாக்கெட்டை மேஜையிலேயே திருப்பி வைக்கிறார்கள். "இதுக்குப் பதிலா அந்த சின்ன வெள்ளை மாத்திரை இல்லையாண்ணே?"