ஏட்டில் இருந்த தழும்பு

நடுவர் அவர்களே! சரித்திரம் என்றாலே ராஜாக்கள்தான் என்று எதிரணி நண்பர் கல்வெட்டுகளாக அடுக்கிவிட்டு உட்கார்ந்தார். கூலிக்காரனுக்கு ஏது கல்வெட்டு என்றும் கேட்டார். இருக்கு சார்! உடம்பிலேயே இருக்கு!

சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயசு, ஜாதி, ஊர், உயரம், அங்க அடையாளம். ஓடிப்போனால் பிடிக்கணுமே, அதற்குத்தான் இத்தனை அக்கறை!

என் அப்பாவைப் பெற்ற ஆயாவின் தகப்பனார், 1906-ல் கைக்குழந்தையை விட்டுவிட்டு வட ஆர்க்காட்டிலிருந்து அந்தக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். "எங்கப்பன் ஒரு காலணா அனுப்பலையே" என்று ஆயா சாகிற வரைக்கும் திட்டித் தீர்த்தாள்.

அந்தப் பதிவேட்டின் நகலில் தேடினேன். எழுதினவன் தமிழ்ப் பெயர்களை இங்கிலீஷில் கொலை செய்திருக்கிறான்! ஒரே பேரில் நாலு பேர். ஒருவர் பேருக்கு நேரே, 'இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு'. அரிவாள் பட்ட அந்தக் கதையை ஆயா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அவரேதான்.

கூலி? முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி, ஐந்தாம் வருஷம் 14. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே சுதந்திரமாக இருக்கணுமா? 1895 சட்டப்படி வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்டு! 60 ஷில்லிங் சார், நாலு மாசக் கூலிக்கும் மேலே! 1914-ல்தான் அது ஒழிந்தது.

ஆயா இருந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். எழுத்துத் தெரியாது, ஆனால் கணக்கில் புலி அவள்.