லாபம், ரெண்டு, மூணு. இச்சி, நி, சான்

இடைசெவல் பக்கம் களத்தில் தவசம் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டாங்க. 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. எண்ணிக்கை நல்ல வாக்கில் தொடங்கணும்.

ஜப்பானியருக்கும் இந்தப் பயம் உண்டு. இச்சி, நி, சான் வரைக்கும் அனிமே பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அடுத்தது 'ஷி', நாலு. சாவுக்கும் அதே ஒலிதான். ஒன்பதுக்கு 'கு', துன்பத்துக்கும் அதுவே. அதனால் நாலை 'யோன்' என்றும் ஒன்பதை 'க்யூ' என்றும் மாற்றிச் சொல்வாங்க.

தமிழர்கள் இந்த எண்களைக் கும்பலாகப் படிக்க நேர்ந்த காலம் ஒன்று உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்காக ஒன்றரை மணி முன்னே நகர்ந்தன. ஆண்டுக் கணக்கு ஜப்பானிய முறைப்படி 2602 ஆனது. பள்ளிப் பிள்ளைகள் 'நிப்போங்கோ' படித்தார்கள்.

பிறகு சயாம்-பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர். போர்க்கைதி முகாம்களில் 'பாங்கோ!' என்று சிப்பாய் அதட்டுவான். வரிசையில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு எண்ணை ஜப்பானிய மொழியில் கத்தணும். தப்பினால் அறை விழும். 1943 அக்டோபர் 17-இல் தண்டவாளங்கள் இணைந்தன. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளில் 12 ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கு.

அதே பாதைக்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிப்போன தமிழர்கள்? வேலை, கூலி என்று ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோனாங்க. காலரா வந்தபோது கைதிகளுக்கு இருந்த ராணுவ மருத்துவர்கள்கூட இவர்களுக்கு இல்லை. பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் எல்லாரையும் சேர்த்து 2 லட்சம் ஆசியத் தொழிலாளர்கள், செத்தவர்கள் 90 ஆயிரம் என்பது ஒரு மதிப்பீடு. கைதிகளின் பட்டியலை அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்துவைத்தாவது காப்பாற்றினார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு பேரேட்டை யாரும் எழுதி வைக்கலை.

இடைசெவல்காரர் கு.அழகிரிசாமி 1950-களில் கோலாலம்பூர் போய்த் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். பாதை முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம் அது. 'ஜப்பான்காரன் காலம்' அங்கே அப்போதுதான் ஆறத் தொடங்கிய புண்.

2023-இல் காஞ்சனபுரியில் அந்தத் தமிழர்களுக்காக நடுகல் நட்டார்கள். நம்ம பக்கத்து நடுகல்லில் செத்தவன் பெயரை வெட்டுவது வழக்கம். இதில் எல்லார் பெயரையும் வெட்டணும் என்றால் அவர்களை அன்றைக்கே ஒருவன் தலை எண்ணியிருக்கணும். இச்சி என்றோ லாபம் என்றோ.