பாவு காயாத ஐப்பசி

குழித்தறி இருந்த காலத்தில், ஐப்பசி பிறந்தால் மதுரை செல்லூர்க்காரர்களுக்கு இரண்டு பயம். முதலாவது பாவு, அதாவது தறியில் நெடுக்கே ஓடும் நூல். விடிகாலையில் தெருவில் கவை ஊன்றி, பாவை நீளமாக இழுத்துக்கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். நடுவில் தூறல் விழுந்தால் கஞ்சி வழிந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இரண்டாவது குழி. தாத்தா காலைத் தொங்கப்போட்டு மிதித்த தறிக்குழியில் அடியிலிருந்தே தண்ணீர் ஊறும். கண்மாய் பெருகிவிட்டது என்று அவருக்குச் சேதி சொன்னது அதுதான். அப்பத்தா செம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவாள். ஒரு மணி நேரத்தில் மறுபடி முழங்கால் நனையும். தீபாவளிச் சேலைக்குக் கெடு நெருங்கும். தறி ஓடாத நாளுக்கு ஏது கூலி? அந்த அடைமழை வாரத்தில் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பொங்கல் வரை கழியும்.

செல்லூர் வைகையின் வடகரை. மேலே உள்ள கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் செல்லூர் கண்மாய்க்கு வரும். அங்கிருந்து பந்தல்குடி வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு. வயலுக்கு மடை, மிச்சத்துக்குக் கலுங்கு என்பது பழைய ஏற்பாடு. வயல் போய் வீடு வந்தபின் மடைக்கு வேலையில்லை. தண்ணீர் முழுக்க வாய்க்காலின் தலையில் விழுந்தது. 1959இல் வைகை அணை வந்ததும் ஆற்று வெள்ளப் பயம் குறைந்தது. ஆனால் வடபுறத்தில் பெய்யும் மழைக்கும் அணைக்கும் சம்பந்தமே இல்லை.

2024 அக்டோபர் 25, தீபாவளிக்கு ஆறு நாள். டானா புயல் ஒடிசாவில் கரையேறிவிட்டது, இனி நமக்கென்ன என்று டீக்கடையில் பேச்சு. பிற்பகல் மூன்று மணிவாக்கில், 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியது. பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, கட்டபொம்மன் நகர், முல்லை நகர் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் தெருவில் விசைத்தறி மோட்டாரைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார்கள். குழி போய்விட்டதே தவிர, தண்ணீர் தறியைத் தேடி வருவது நிற்கவில்லை.

செல்லூர் கண்மாயிலிருந்து வைகை வரை சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கண்மாயின் வயிறு தூர்ந்து கிடக்கையில் கால்வாயை மட்டும் கட்டினால் பாதி வேலைதான் ஆகும். தூர்வார வேண்டியது கண்மாய் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில். ஐப்பசியில் ஜேசிபியைக் கொண்டுவந்து கரையில் நிறுத்துவது போட்டோவுக்குத்தான் ஆகும்.