சங்கன் கட்சியும் பதுமன் கட்சியும்

சங்கரன்கோவில் என்றதும் நினைவுக்கு வருவது ஆடித் தபசு. ஆடி மாதத்து உத்திராடத்தன்று கோமதி அம்மன் தவக் கோலத்தில் எழுந்தருள்கிறாள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வரும் குடியானவர்கள், தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் நெல்லையும் அள்ளி வீசுகிறார்கள். மாலையில் சிவபெருமான் பாதி ஹரனும் பாதி ஹரியுமாக, சங்கரநாராயணராக வந்து அவளுக்குக் காட்சி தருகிறார். மெய்சிலிர்க்கும் காட்சிதான். ஆனால் அம்பாள் எதற்காக இந்தத் தவத்தை மேற்கொண்டாள் என்று விசாரித்தால், மெய்சிலிர்ப்போடு கொஞ்சம் சிரிப்பும் வந்துவிடும்.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள் இருந்தார்களாம். சங்கன் சிவபக்தன், பதுமன் விஷ்ணு பக்தன். 'என் சுவாமிதான் பெரியவர்' என்று இருவருக்கும் ஓயாத தர்க்கம். முடிவு காணாமல் வழக்கு அம்பாளிடம் போயிற்று. இரண்டும் ஒன்றே என்பதைக் கண்ணாரக் காட்டினால்தான் இவர்கள் அடங்குவார்கள் என்று கண்டுகொண்டு, அம்பாள் புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். இரண்டு ரசிகர்களின் சண்டையைத் தீர்த்து வைக்கத் தேவியே ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதாயிற்று!

ரசிகர்கள் என்று நான் சொல்வது வேடிக்கைக்காக மட்டுமல்ல. திருவிளையாடல்களிலோ அவதாரங்களிலோ இந்த இரு நாகர்களும் செய்த காரியம் எதுவும் இல்லை. சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் நடுவே மனஸ்தாபமும் இல்லை. சண்டை முழுவதும், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குள்ளேதான். இன்று தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்துவிட்டு, 'அவள் செய்தது நியாயமா? அவன் மீண்டும் வருவானா?' என்று மறுநாள் காலை காப்பிக் கடையிலும் ரயில் வண்டியிலும் கட்சி கட்டிக்கொண்டு வாதாடுகிறவர்கள், சங்கனுக்கும் பதுமனுக்கும் நேர் வாரிசுகள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிப்பதில்லை. "கதைக்குக் காலில்லை, அதற்குப் போய் இப்படி அடித்துக்கொள்ளுவார்களா?" என்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், கதைக்கு நன்றாகவே கால் இருந்திருக்கிறது. அது புத்தகத்தை விட்டு இறங்கி வீதிக்கு வந்திருக்கிறது; சில சமயம் உயிரையும் வாங்கியிருக்கிறது. செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கன், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சந்நிதியைப் புதுப்பிக்க முற்பட்டான். அதை எதிர்த்தவர்கள் கோபுரத்தின் மேலேறிக் குதித்து உயிர்விட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே வந்திருந்த ஏசு சபைப் பாதிரியார் பிமென்டா இதை எழுதி வைத்திருக்கிறார். சங்கனும் பதுமனும் வெறும் வாய்ச் சண்டையோடு நின்றார்களே, அது நல்ல காலம்.

சங்கரன்கோவிலிலிருந்து தெற்கே போனால் பாபநாசத்து மலை. அங்கே சொரிமுத்து ஐயனார் கோவிலில் பட்டவராயன் என்றொரு தெய்வம் உண்டு. அவனுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் செலுத்தும் காணிக்கை என்ன தெரியுமா? தோல் செருப்பு! அதன் காரணத்தை வில்லுப்பாட்டுக்காரர்கள் விடிய விடியப் பாடுவார்கள். முத்துப்பட்டன் என்ற பிராமண வாலிபன், பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகள் மேல் காதல் கொள்கிறான். அவர்கள் அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் பெண்கள். பெண்ணைப் பெற்றவன் போட்ட நிபந்தனைக்கு இசைந்து, பட்டன் பூணூலை அறுத்தெறிகிறான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான், இருவரையும் மணக்கிறான். பிறகு மாடுகளைக் காக்கப் போன இடத்தில் கள்வர்களோடு பொருது மாள்கிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதைக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்றில் சகோதரிகள் வாலப்பகடையின் சொந்தப் பெண்களே. மற்றதிலோ அவர்கள் பிராமணக் குலத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, பகடையின் வீட்டில் வளர்ந்தவர்கள்! 1971ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக இக்கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, இந்தப் பிறப்பு ரகசியம் பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது என்று கருதினார்.

ஏன் நுழைத்தார்கள் என்று ஊகிப்பது சிரமமல்ல. கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலருக்கு அந்தக் கலியாணம் பொறுக்கவில்லை. கதாநாயகனை விடவும் மனம் இல்லை. ஆகவே, கதாநாயகிகளின் பிறப்பையே மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு சம்பவத்தைச் சேர்த்தார்கள். பட்டனின் தியாகம் பாதியாய்க் கரைந்துபோயிற்று. ஆனால் காணிக்கைச் செருப்பை மாற்ற யாராலும் முடியவில்லை. அது இன்னும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

கிராமத்தில் வில்லுப்பாட்டு என்றால், நகரத்தில் கம்பன். திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு முற்றத்தில், 1920களில், அன்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கம்பனை அனுபவித்தார்கள். அந்தச் சபைக்கு 'வட்டத்தொட்டி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிறகு ஊர் ஊராகக் கம்பன் கழகங்கள் தோன்றின. அவற்றின் மேடைகளில் அலுக்காமல் சலிக்காமல் நடந்து வரும் வழக்கு, வாலி வழக்குதான். மறைந்து நின்று அம்பு எய்தது தகுமா? கம்பனின் வாலி அடிபட்டுக் கிடந்தபடியே இராமனைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். அந்தக் கடைசிக் கேள்விக்கு, 'ஏன் மறைந்து எய்தாய்?' என்பதற்கு, இராமன் வாய் திறப்பதில்லை. தம்பி இலக்குவன்தான் பதில் சொல்கிறான். கம்பனுக்கே இந்த இடத்தில் கை கொஞ்சம் தயங்கியதோ என்று சந்தேகிக்கிறவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயீல், வாலி வதையை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். நீதிபதி ஒருவர் ஓய்வு நேரத்திலும் தேடிப்போய் விசாரிக்கும் வழக்கு என்றால், அதில் சாரமில்லாமலா இருக்கும்? பெரியவர்கள் செய்தால் பிழையும் தர்மமாகிவிடுமா என்று, உயிரோடிருக்கும் பெரியவர்களைப் பார்த்துக் கேட்க எல்லோருக்கும் துணிவு வருவதில்லை. இராமனைக் கேட்கலாம், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்!

பத்திரிகைத் தொடர்கதை வந்த பிறகு இந்த வழக்கு வாரந்தோறும் நடக்கலாயிற்று. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரையில் 'கல்கி'யில் வெளிவந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வீட்டுக்கு வீடு விவாதம். ஆசிரியர் அதை அறுதியிட்டுச் சொல்லாமலே கதையை முடித்தார். வாசகர்கள் விடுவார்களா? அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று என்று கேள்விகளைத் தொடுத்தார்கள். முடிவுரை எழுதி அவர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டி வந்தது. நாவலாசிரியர்களின் கஷ்டம் இப்படிப்பட்டது! சரித்திர ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்ல. உடையார்குடிக் கல்வெட்டு கொலையாளிகளாகச் சில பெயர்களைச் சொல்கிறது. அவர்களுக்குப் பின்னால் உத்தம சோழன் இருந்திருப்பான் என்று நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். 2022, 2023ஆம் ஆண்டுகளில் கதை இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, பேரன் பேத்திகள் வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

தொலைக்காட்சி வந்ததும் தேசம் முழுவதும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஒரே கதையைப் பார்க்கலாயிற்று. ராமானந்த சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25ஆம் தேதி தொடங்கியது. முதலில் 52 வாரங்கள் என்று திட்டம். ஜனங்களின் மோகத்தால் அது 78 வாரங்களாக நீண்டது. இந்தி தெரியாத தமிழர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். தெரிந்த கதைக்குப் பாஷை எதற்கு? 1988 ஜூலை 31ஆம் தேதி, பட்டாபிஷேகத்துக்குப் பின் தொடர் நிறைவெய்தியது. நம்மவர்களுக்கு அதில் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. கம்பனும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தியவன்தானே! உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகவே நம்மிடையே வழக்கு.

ஆனால் வடக்கே வேறு விதமாக நடந்தது. ஜலந்தரிலும் வேறு சில நகரங்களிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வீதியெல்லாம் குப்பை மலிந்தது. கோரிக்கை என்னவென்றால், உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்பது! கேட்டவர்கள் பலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வால்மீகி முனிவரைத் தங்கள் குலகுருவாகப் போற்றுகிறவர்கள். அந்த முனிவர் சீதைக்கு அடைக்கலம் தந்து, அவள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது உத்தர காண்டத்தில்தான். அரண்மனை கைவிட்டவளை ஆசிரமம் ஏற்றுக்கொண்ட கட்டம் அது. மற்றவர்களுக்குப் பட்டாபிஷேகத்தில் கதை முடிந்துவிட்டது. இவர்களுக்கோ கதை அப்போதுதான் தங்கள் வாசலுக்கு வருவதாக இருந்தது. கடைசியில் அரசாங்கம் இணங்கியது. உத்தர ராமாயணமும் தொடராக வந்தது.

தமிழ்த் தொடர்களில் இப்படி ஊர் கூடிப் பேசிய கதை ஒன்று உண்டு. 1990களின் பின்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்'. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. அதில் 'விடாது கருப்பு' என்ற கதையில், தப்புச் செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தண்டனை பெறுகிறார்கள். தண்டிப்பது குதிரையேறி வரும் கருப்பசாமியா, மனிதன் எவனாவதா? வாரம் முழுவதும் இதே பேச்சு. இங்கேயும் வழக்கு மர்மத்தோடு நிற்கவில்லை. சாமி செய்தால் தண்டனை. மனிதன் செய்தால் கொலை. கோர்ட்டும் கச்சேரியும் எட்டாத ஏழை, தன் குறையைக் கருப்பனிடம் முறையிடுகிற நாடு இது. அங்கே இந்தக் கேள்வி வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியுமா?

ஆகவே, பாத்திரங்களுக்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்து நகைக்க எனக்கு மனம் வருவதில்லை. எல்லாச் சண்டையும் உயர்ந்தது என்று சொல்லவும் மாட்டேன். 'இந்தக் கதையில் எனக்கும் இடம் கொடு' என்று கேட்டவர்கள் ஜலந்தரின் தொழிலாளர்கள். 'அவர்களுக்கு இதில் இடம் வேண்டாம்' என்று திருத்தியவர்கள் பட்டன் கதைக்குப் பிறப்பு ரகசியம் சேர்த்தவர்கள். இரண்டு பேரும் ரசிகர்களே. இரண்டு பேரும் கதையை மாற்றவே முயன்றார்கள். ஆனால் ஒரு தரப்பார் கதையின் வாசலைத் திறந்தார்கள், மற்றவர்கள் அடைத்தார்கள்.

அம்பாள் தீர்த்த வழக்கில் சங்கனும் தோற்கவில்லை, பதுமனும் தோற்கவில்லை. சங்கரநாராயணர் சந்நிதியில் துளசித் தீர்த்தமும் கிடைக்கிறது, திருநீறும் கிடைக்கிறது. இரண்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள், பிராகாரத்தைத் தாண்டுவதற்குள் வேறொரு கதையை எடுத்துக்கொண்டு தர்க்கத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.