மயிலின் வயது

தேனி அல்லிநகரம் இயக்குநர் பாரதிராஜாவின் பிறந்த ஊர். கம்பம் பள்ளத்தாக்கில் அவருடைய முதற்படத்தை அறியாத வீடு அரிது. 1977 செப்டம்பர் 15 அன்று வெளிவந்த ‘16 வயதினிலே’யைக் குறித்து ஒரு பங்குக்குரு எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். ஒரு பெண்ணின் வயதைக் குறித்து எழுத இருக்கிறது.

மயில் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவள், ஆசிரியையாக விரும்புகிறவள். பட்டணத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவனின் பேச்சை நம்புகிறாள். அவன் வேறொருத்தியை மணந்துகொள்கிறான். அவன் செய்தது பாதி. மீதியை ஊர் வாய் செய்து முடிக்கிறது. அந்தப் பழிச்சொல் தாங்காமல் தாயும் இறந்துபோகிறாள்.

குருமடத்தில் புனித அகுஸ்தீனாரின் ‘ஒப்புகைகள்’ படித்திருக்கிறோம். அவரும் தமது 16ஆம் வயதில்தான் தோழரோடு சேர்ந்து அயலாரின் பேரி மரத்தை உலுக்கினார். பசியினால் அன்று, களவு இனித்ததால். பழங்களைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். மாசின்மை மனிதனின் சொந்தக் கையாலேயே போகிறது என்பது அவர் கண்ட உண்மை. இறையியல் மாணவனாக அதையே முழு விளக்கமென்று கொண்டிருந்தேன். பங்குத்தளங்களுக்கு வந்தபின் அது பாதியாயிற்று. மயில் எந்த மரத்தையும் உலுக்கவில்லையே!

திரையில் அவளுக்கு 16 வயது. நடித்த ஸ்ரீதேவியோ 1963 ஆகஸ்ட் 13 அன்று சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் பிறந்தவர். படம் வெளியானபோது அவருக்கு 14 நிறைந்து ஒரு மாதம், படப்பிடிப்பின்போது 13. 1969இல் ‘துணைவன்’ படத்தில் பால முருகனாக வந்து கும்பிட வைத்த குழந்தை, எட்டே ஆண்டுகளில் வஞ்சிக்கப்பட்ட கன்னியாக நின்றது. (நம்மூர் என்று நாம் உரிமை கொண்டாடும் அந்தத் திரைக் கிராமம்கூட மைசூர், கொள்ளேகால் பக்கத்தது.) மயிலுக்காகக் கண்ணீர் விட்ட நாம், அந்தச் சிறுமியின் வயதைக் கேட்கவில்லை.

அன்றைய சட்டமும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. 1977இல் பெண்ணின் மணவயது 15; 1978ஆம் ஆண்டின் திருத்தமே அதை 18 ஆக்கியது. திருச்சபையை மட்டும் விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு பெண்ணுக்கு வைத்த வயது 14. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பும் அதையே வைத்துக்கொண்டு, உயர்த்தும் உரிமையை ஆயர் பேரவைகளிடம் விட்டது. படம் வெளியான அன்று ஸ்ரீதேவிக்கு இருந்த வயது அது.

சில ஆண்டுகளுக்கு முன், திராட்சைத் தோட்டத்தில் உழைக்கும் ஒருவர் மகளுக்குத் திருமண ஓலை வாசிக்கக் கேட்டு வந்தார். “ஊர் வாய் திறக்குமுன்னே முடிச்சிரணும் சாமி” என்றார். திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன், 16. சட்டத்தைச் சொன்னேன், பள்ளிப்படிப்பைச் சொன்னேன், முடியாது என்றேன். அவர் முகம் கறுத்து எழுந்து போனார். மகள் அறைக்குள் வராமல் வராந்தாத் தூணருகே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை என்பது, இருவரும் வாசல் கடந்த பின்புதான் எனக்கு உறைத்தது.