தண்ணீர் சுமந்தவள் கேட்ட கேள்வி
தியானம் இன்று ஏசி அறையில், கட்டணத்துக்கு விற்பனை. சாதிக்கு அங்கே பேச்சே இல்லை.

1909இல் கரோலின் ரைஸ் டேவிட்ஸ் பாலியிலிருந்து ஆங்கிலமாக்கிய தேரிகாதையைப் புரட்டுங்கள். தண்ணீர் சுமந்த அடிமைப்பெண் புண்ணிகா, குளிரில் நடுங்கியபடி ஆற்றில் முழுகும் பார்ப்பனரை மடக்குகிறாள். குளித்தால் பாவம் போகுமென்றால் மீனும் ஆமையும் தவளையும் அல்லவா முதலில் சொர்க்கம் போகும் என்கிறாள். அவர் வாயடைத்து புத்தரிடம் சரணடைகிறார்.

கரோலின் பொருளியல் படித்தவர், பெண்கள் வாக்குரிமைக்குக் குரல் கொடுத்தவர். நூலுக்கு 'சகோதரிகளின் சங்கீதங்கள்' என்று பைபிள் வாடையில் பெயர் வைத்ததுதான் எனக்கு ஒட்டவில்லை. 1913இல் தேரகாதையையும் தந்தார். வாடிய பூக்களை அள்ளிக்கொட்டிய சுநீதர் அதில் தேவர்களே வணங்கும் துறவி. 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அதே சுநீதருக்கு அம்பேத்கர் இடம் தந்தார்.