பெட்ரோலா, டீசலா? - ஒரு தப்புக் கணக்கின் வரலாறு

டெல்லிக்கு மாற்றலாகி வந்திருக்கும் நம்மூர்த் தம்பி ஒருவர் போன வாரம் என் மேசைக்கு வந்தார். "சார், புது கார் எடுக்கப் போறேன். பெட்ரோலா, சிஎன்ஜியா, ஹைபிரிடா? எத்தனை கார் லோன் பாத்திருப்பீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார்! என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

2012 மே கடைசி. டெல்லியில் பெட்ரோல் லிட்டர் ரூ.73.18, டீசல் ரூ.40.91. பி.காம் படித்தவன் கை சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கி.மீ., டீசல் 20 கி.மீ. என்று வைத்தால், கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சம். டீசல் கார் விலை ஒரு லட்சம் அதிகம். ஆக, 40,000 கி.மீ. ஓடினால் போட்ட பணம் வந்துவிடும். வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டினால் மூன்றேகால் வருஷம். அப்புறம் எல்லாம் லாபம்தான். டீசலே எடுத்தேன்.

கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அந்த 32 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

டீசல் விலையை அரசு அமுக்கி வைத்தது லாரி, பஸ், டிராக்டர், பம்ப்செட்டுக்காக. கார்க்காரன் அதில் ஓசி சவாரி செய்தான். 2010 பிப்ரவரியில் கிரித் பாரிக் குழு, இரண்டு விலையையும் சந்தைக்கு விடச் சொன்னது. டீசல் காருக்கு ரூ.80,000 கூடுதல் வரி போடவும் சொன்னது. அந்த ஜூனில் பெட்ரோலை மட்டும் விட்டார்கள். கூடுதல் வரி வரவில்லை. பெட்ரோல் ஏறியது, டீசல் அங்கேயே நின்றது. இன்ஜின் தேர்வில் பாதியை நமக்காக அரசே செய்துவிட்டது என்பதுதான் நிஜம்.

அப்புறம் காற்று மாறியது. 2013 ஜனவரி முதல் டீசல் மாதம் சுமார் 50 காசு ஏறியது. 2014 அக்டோபரில் அதுவும் சந்தைக்குப் போனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. சின்ன டீசல் இன்ஜினைச் சுத்தப்படுத்தும் செலவு கட்டுப்படியாகாமல், மாருதி டீசல் காரையே நிறுத்தியது. அதே வருஷம் ஜூன் 24, டெல்லியில் டீசல் ரூ.79.88, பெட்ரோல் ரூ.79.76. அன்றைக்கு பங்க்கில் நின்று என்னை நானே பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

இன்னொரு அடியும் இருந்தது. 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை, 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2022இல் தடையில்லாச் சான்று வாங்கி, வெளி மாநிலத்துக்காரர் ஒருவருக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். (2025இல் உச்ச நீதிமன்றம் இதில் கொஞ்சம் தளர்வு தந்தது. என் வண்டி போய் அதற்குள் மூன்று வருஷம்.)

விற்ற அன்று மீட்டரைப் பார்த்தேன். பத்து வருஷத்தில் 60,000 கி.மீ. கூட இல்லை. ஆபீசுக்கு மெட்ரோவில் போகிறவன் 12,000 கி.மீ. எங்கே ஓட்டுவான்? அதிகம் கொடுத்த ஒரு லட்சமே முழுசாகத் திரும்பவில்லை, வட்டி தனி. அரசை நொந்து பயனில்லை. என் உபயோகத்தை நானே கூட்டிச் சொல்லிக்கொண்டேன்.

தம்பியிடம் சொன்னது இதுதான். இப்போது வைத்திருக்கும் பைக்கின் மீட்டரைப் பார்த்து, நிஜமாக எவ்வளவு ஓட்டுகிறாய் என்று தெரிந்துகொள். இன்றைய விலை வித்தியாசத்தில் பாதியை மட்டும் கணக்கில் வை. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5% ஜிஎஸ்டி என்பதும் அரசு வைத்த வித்தியாசம்தான். வைத்தவர்கள் எடுக்கவும் செய்யலாம். அப்படியும் கணக்கு தேறினால் எடு.

"நீங்க இப்ப என்ன சார் வச்சிருக்கீங்க?"

"சின்ன பெட்ரோல் கார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்."